வீட்டுக்குள் சைக்கிள்: ரெயினரையும் செயலியையும் தெரிந்தெடுப்பது எப்படி

மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த போர்க்கால யாழ்ப்பாணத்தில், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் செவிமடுப்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துப் போகும். அந்த டைனமோ தந்தது 6 வோல்ற்றில் ஏறக்குறைய 3 வாற்று. ஆகவே நின்ற இடத்தில் நின்றபடி சைக்கிள் மிதிப்பதை யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு புதுமையாக விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இன்று ரெயினர் என்று விற்கப்படும் கருவி, பின்சக்கரத்துக்கோ செயினுக்கோ ஒரு தடையைக் கொடுக்கிறது. அதன் ஸ்மார்ட் வகை, நாம் எத்தனை வாற்று வலுவுடன் மிதிக்கிறோம் என்பதை அளந்து, அந்த எண்ணைப் புளூடூத் வழியாகக் கைபேசிக்கோ கணினிக்கோ அனுப்புகிறது. அங்கே செயலி ஒன்று திரையில் காட்டும் சைக்கிளோட்டியின் உருவம் அந்த எண்ணுக்கு ஏற்ப வேகமெடுக்கிறது, ஏற்றத்தில் தளர்கிறது.

வீதியில் ஓட வசதியுள்ள ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பண்ணைப் பாலத்தில் அதிகாலைக் காற்றோடு மல்லுக்கட்டி ஓடுவதற்கு ஈடான பயிற்சி எந்த அறையிலும் கிடைக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை எட்டரை மணிக்குப் பின்னர் வெயில் விடாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் பல நாள்கள் வெளியே இறங்கவே முடியாது. வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டால் வெளிச்சமில்லாத ஒழுங்கைகளும் தெருநாய்களும் கண்டி வீதியின் பேருந்துகளும் காத்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு: குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையிலும் பெயரில் மட்டுந்தான் மலை. ஏற்றம் என்றால் என்னவென்று கால்களுக்குப் பழக்க விரும்புபவர் நுவரெலியாவுக்குப் போக வேண்டும், அல்லது ஏற்றத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, குளிர்நாட்டில், பந்தயச் சைக்கிள் ஒன்றையும் குளிரூட்டத் தேவையே இல்லாத கராச் ஒன்றையும் தடையற்ற மின்சாரத்தையும் வைத்திருக்கும் ஒருவரை நினைத்து எழுதப்பட்டவை. அவை முதலில் ரெயினரைப் பற்றிப் பேசி, பிறகு செயலியைப் பற்றிப் பேசி, மின்விசிறியைக் கடைசி வரியில் குறிப்பிடும். இங்கே அந்த ஒழுங்கைப் புரட்டிப் போட வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் உங்களிடம் இருக்கும் சைக்கிளைப் பாருங்கள். பிறகு அறையையும் காற்றையும் பாருங்கள். அதன் பின்னர் மின்சாரத்தையும் இணையத்தையும் பாருங்கள். இந்த மூன்றும் தீர்ந்தால் எந்த ரெயினர் என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். செயலி கடைசி, அதை மாத இறுதியில் மாற்றிக்கொள்ளலாம், இருபது கிலோ இரும்பை மாற்ற முடியாது.

சைக்கிளில் இருந்து தொடங்குதல்

ரெயினர்களில் இரு பெரிய வகைகள் உண்டு. ஒன்றில் பின்சக்கரம் சைக்கிளிலேயே இருக்கும். அச்சின் இரு முனைகளையும் சட்டகம் கவ்விப் பிடிக்க, ரயர் ஒரு சிறிய உருளையின் மேல் உரசிச் சுழலும். மற்றதில் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, செயினை ரெயினரிலேயே பூட்டப்பட்ட பற்சக்கரத் தொகுதியில், அதாவது கசற்றில், ஏற்ற வேண்டும். முதலாவதைச் சக்கர வகை என்றும் இரண்டாவதை நேரடி வகை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். மூன்று உருளைகளின் மேல் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சமநிலையோடு ஓட்டும் றோலர் என்ற பழைய முறையும் உண்டு. அது சைக்கிளைக் கையாளும் திறனை வளர்க்கும், ஆனால் களைத்த நிலையில் திரையைப் பார்த்தபடி மிதிக்க வேண்டும் என்பவருக்கு ஏற்றதன்று. திரையும் தடையும் ஒன்றாகச் சேர்ந்த முழு உடற்பயிற்சிச் சைக்கிள்கள் விலையிலும் நிறையிலும் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. பழுதானால் இங்கே திருத்துவதும் கடினம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது லுமாலாவோ பழைய ராலியோ ஆகிய ஒற்றைக் கியர்ச் சைக்கிள், அல்லது 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாங்கிய 21 கியர் மலைச் சைக்கிள். இவற்றில் ஒற்றைக் கியர்ச் சைக்கிளுக்கு நேரடி வகை பொருந்தாது. அதன் பின்சக்கரம் பூட்டப்படும் இரு கவைகளுக்கு இடையிலான இடைவெளி ஒடுக்கமானது, செயின் அகலமானது. நேரடி வகை ரெயினர்களோ 130 அல்லது 135 மில்லிமீற்றர் இடைவெளிக்கும் ஒடுங்கிய செயினுக்கும் வடிவமைக்கப்பட்டவை. சக்கர வகைக்கு அது பொருந்தும், ஆனால் சில வேலைகள் உண்டு. கரியரின் கால்களும் ஸ்ராண்டும் மட்காட்டின் கம்பிகளும் ஒரே அச்சில்தான் வந்து பூட்டப்பட்டிருக்கும். ரெயினரின் பிடி அந்த அச்சின் முனைகளைக் கவ்வ வேண்டுமென்றால் அவற்றைக் கழற்றியாக வேண்டும். அச்சில் இருக்கும் சாதாரண நட்டைப் பிடி சரியாகக் கவ்வாது வழுக்கும். தலை மூடிய குவிந்த நட்டுகளைப் போட்டால் நன்றாக இருந்துகொள்ளும். எந்தச் சைக்கிள் கடையிலும் அச்சின் புரி அளவைக் காட்டிக் கேட்டால் பொருத்தமானதைத் தேடித் தருவார்கள்.

இந்தச் சைக்கிள்களின் 28 அங்குலச் சக்கரம் பற்றிப் பலர் வீணாகக் கலங்குகிறார்கள். பந்தயச் சைக்கிள் ரிம்மின் ரயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீற்றர், நமது பழைய சைக்கிளினது 635 மில்லிமீற்றர். தடித்த ரயரையும் சேர்த்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 710 மில்லிமீற்றர் வரும். அகலமான ரயர் பூட்டிய 29 அங்குல மலைச் சைக்கிள் சக்கரம் அதைவிடப் பெரியது. ஆகவே 29 அங்குலம்வரை ஏற்கும் என்று பெட்டியில் எழுதப்பட்டுள்ள சக்கர வகை ரெயினர், விட்டத்தைப் பொறுத்தவரை இதையும் ஏற்கும். அது எழுதப்படாத ரெயினரை, அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

21 கியர்ச் சைக்கிளுக்கு முன்னால் மூன்றும் பின்னால் ஏழும் பற்சக்கரங்கள் இருக்கும். சக்கர வகையில் அதன் முரட்டு ரயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான ஒன்றைப் போடாவிட்டால், உருளையில் எழும் இரைச்சலுக்கு வீட்டில் உள்ளவர்கள் மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் உள்ளவர்களும் வந்து விசாரிப்பார்கள். நேரடி வகையில் பூட்ட விரும்பினால், ரெயினருடன் வரும் 11 கியர்க் கசற் உங்களுக்கு உதவாது. 7 கியர்க் கசற் ஒன்றையும் எஞ்சும் இடைவெளியை நிரப்பும் வளையங்களையும் தனியே வாங்க வேண்டும். டிஸ்க் பிறேக் உள்ள புதிய சைக்கிள்களில் அச்சு திருகி உள்ளே செல்லும் வகையாக இருந்தால், 142 அல்லது 148 மில்லிமீற்றருக்கான இணைப்புத் துண்டு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய துண்டுகள் இல்லாமல்தான் பல பெரிய கருவிகள் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கின்றன.

மிதிப்பவரின் வெப்பம்

கட்டுரையில் இதுவே முக்கியமான பகுதி என்று கருதுகிறேன். மனித உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் இடைப்பட்ட பங்கே பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதி வெப்பமாகிறது. நீங்கள் 150 வாற்றில் மிதிக்கும்போது, உடல் 450 முதல் 600 வாற்றுவரை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதாவது 1000 வாற்று மின் அழுத்தி ஒன்றின் பாதியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மிதிக்கிறீர்கள். வீதியில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அந்த வேகமே காற்றாகி உடலைத் தழுவிச் செல்கிறது. அறைக்குள் அந்தக் காற்று இல்லை. 31 பாகை வெப்பமும் கடலோர ஈரப்பதனும் உள்ள அறையில் வியர்வை சொட்டுமே தவிர உலராது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 670 வாற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். நிலத்தில் சொட்டி விழும் வியர்வையோ உடலில் இருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது.

ஆகவே பணம் மட்டுப்பட்டதாக இருந்தால், ரெயினரில் ஒரு படி இறங்கி, நிலத்தில் நிற்கும் வலுவான மின்விசிறிகள் இரண்டை வாங்குங்கள். ஒன்று முன்னால் நெஞ்சின் உயரத்துக்கு, மற்றது பக்கவாட்டில் முதுகைப் பார்த்தபடி. கூரையில் தொங்கும் மின்விசிறி, சூடான காற்றைத் தலைமேல் கிண்டிவிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. குளிரூட்டி உள்ள அறையில் காற்றின் ஈரம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அங்கும் காற்றோட்டம் வேண்டும். இடத்தைத் தெரிவுசெய்யும்போது, பகல் முழுதும் வெயில் குடித்த சிமெந்துக் கூரையின் கீழோ தகரக் கொட்டகையிலோ மாலை ஆறு மணிக்கு மிதிக்கத் திட்டமிடாதீர்கள். ஓட்டு வீட்டு விறாந்தையைப் போல நல்ல இடம் இல்லை. தூவானம் படாமல் திரையையும் மின்னிணைப்பையும் உள்ளே தள்ளி வைத்தால் போதும். நேரம் என்றால் அதிகாலை ஐந்து மணி. அதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன்.

நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டி ஒன்றை வாங்குவதற்கு நான் பரிந்துரைப்பதும் இந்த வெப்பத்தினால்தான். வலு மாறாமல் இருக்க, இதயத்துடிப்பு மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், உடல் வெப்பத்தோடு போராடுகிறது என்று பொருள். அப்போது வாற்றைக் குறைக்க வேண்டும், குளிர்நாட்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைக்குப் பணிந்து விடாப்பிடியாக இருக்கக்கூடாது. மிதிப்பதற்கு முன்னும் பின்னும் நிறையைப் பார்த்தால் எவ்வளவு நீர் போயிற்று என்பது தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர். உப்புப் போட்ட மோரும் இளநீரும் நம்மிடம் இருக்கும்போது நிறம் ஊட்டிய பொடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலைசுற்றலோ உடல் சில்லிடுவதோ தெரிந்தால் உடனே இறங்கிவிடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை.

மின்சாரமும் இணையமும்

தடையைத் தானாக மாற்றும் ஸ்மார்ட் ரெயினர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுவர் மின்சாரம் தேவை. நடுவில் மின்சாரம் போனால் செயலியுடனான தொடர்பும் தடைக் கட்டுப்பாடும் போய்விடும். டாக்ஸ் நிறுவனத்தின் நியோ வரிசையோ மிதிப்பவரின் வலுவிலேயே இயங்கக்கூடியது. இறக்கத்தில் சக்கரத்தைத் தானே உருட்டிவிடும் வசதி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அதற்கு வெளி மின்சாரம் வேண்டும். டைனமோ சுற்றியவர்களின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கலாம். வீட்டில் இன்வேட்டர் இருந்தால் ரெயினரும் றவுட்டரும் அதற்குப் பாரமல்ல, மின்விசிறிதான் பாரம். காந்தமோ எண்ணெயோ தடை தரும் சாதாரண ரெயினர்களுக்கு மின்சாரமே தேவையில்லை என்பது நம் சூழலில் சிறிய நன்மையல்ல.

இணையத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகைப்பட்டது. சுவிஃப்ட், மைவூஷ் போன்ற செயலிகள் காட்சிகளை உங்கள் கருவியிலேயே வரைந்துகொள்கின்றன. நீங்களும் மற்றவர்களும் எங்கே நிற்கிறீர்கள் என்ற எண்கள் மட்டுமே இணையத்தில் போய்வருவதால், கைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலும் தாராளமாக ஓடலாம். தொடக்கத்தில் தரவிறக்குவதும் அவ்வப்போது வரும் புதுப்பிப்புகளுமே பெரியவை. அவற்றை இரவு நேரத் தரவுப் பொதியில் முடித்துவிடுங்கள். உண்மையான வீதிகளின் காணொளியைக் காட்டும் ரூவி அப்படியல்ல. அதில் காணொளியே ஓடிவருவதால் தரவு அதிகம் செலவாகும். பாதையை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொண்டு ஓடுவது நல்லது.

ரெயினரைத் தெரிந்தெடுத்தல்

இனி எண்களுக்கு வரலாம். பெட்டிகளில் மூன்று எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும்: தாங்கக்கூடிய அதிகபட்ச வலு, காட்டக்கூடிய அதிகபட்ச ஏற்றம், அளவீட்டின் துல்லியம். சக்கர வகையில் டாக்ஸ் ஃப்ளோ 800 வாற்றும் 6 வீத ஏற்றமும் தரும். நேரடி வகையில் வாஹூ கிக்கர் கோர் 1800 வாற்றும் 16 வீதமும், இரண்டு வீதத்துக்குள் துல்லியமும். டாக்ஸ் நியோ 2ரி 2200 வாற்றும் 25 வீதமும், ஒரு வீதத்துக்குள் துல்லியமும். இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நம்மில் பெரும்பாலானோர் 800 வாற்றைச் சில வினாடிகளுக்கு மேல் தொடப்போவதில்லை. ஏற்றத்தைப் பொறுத்தவரை, சுவிஃப்ட் செயலி அதன் இயல்புநிலை அமைப்பில் சரிவின் பாதியை மட்டுமே கால்களுக்கு உணர்த்துகிறது. 10 வீத ஏற்றத்தில் 5 வீதத்துக்குரிய தடையே வரும். அதற்காக நீங்கள் பாதி உழைப்பில் ஏறிவிடவில்லை; உச்சியை அடைய அதே சக்திதான் தேவை, கியர் மாற்றும் தேவை மட்டுமே குறைகிறது.

துல்லியம் போட்டியிடுபவருக்கு முக்கியம். உடல்நலத்துக்காக மிதிப்பவருக்கு, இன்று 140 என்று காட்டுவது அடுத்த மாதமும் அதே 140 ஆக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சக்கர வகையில் அது ரயரின் காற்றிலும், உருளை ரயரை அழுத்தும் அளவிலும், ரயரின் வெப்பத்திலும் தங்கியுள்ளது. ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்துக்குக் காற்றடித்து, பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கி, செயலி சொல்லும் வேகத்துக்கு ஏற்றிவிட்டுக் காலை நிறுத்தி, சக்கரம் தானாக ஓயும்வரை விடுவதன் மூலம் அதை ஒத்துச் சீராக்க வேண்டும். நேரடி வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ரயரும் தேயாது, ஒலியும் குறைவு.

ஒற்றைக் கியர்ச் சைக்கிள்காரருக்கு ஒரு தனி யோசனை. கியர் இல்லாமல் மலைப்பாதையில் ஓடினால் ஏற்றத்தில் பெடல் அசையாது, இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றும். ஆனால் இலக்கு வாற்று முறை என்று ஒன்று உண்டு. அதில் 120 வாற்று என்று சொல்லிவிட்டால், நீங்கள் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ரெயினர் தடையைக் கூட்டிக் குறைத்து 120 ஐக் காக்கும். தடையைத் தானாக மாற்றும் சக்கர வகை ரெயினர் ஒன்றை அந்த முறையில் பயன்படுத்தினால், கியர் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. அதற்கும் பணம் போதாதென்றால், சாதாரண காந்த ரெயினர் ஒன்றும் பின்சக்கர ஹப்பில் மாட்டும் வேக உணரி ஒன்றும் போதும். சுவிஃப்ட் தன் பட்டியலில் உள்ள ரெயினர்களுக்கு வேகத்தில் இருந்து வலுவை மதிப்பிட்டுக்கொள்கிறது. தடை தானாக மாறாது, எண் தோராயமானது, ஆனால் வியர்வை உண்மையானது.

ரெயினரும் செயலியும் பேசிக்கொள்ளும் இணைப்பு மொழிகளில் எஃப்ரிஎம்எஸ் (FTMS) என்ற புளூடூத் முறைமையும், ஏஎன்ரி பிளஸ் எஃப்இ-சி (ANT+ FE-C) என்பதும் பெட்டியில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பழைய ரெயினர்களில் புளூடூத் ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன் மட்டுமே பேசும். கைபேசியில் இணைத்துவிட்டுக் கணினியில் தேடினால் கிடைக்காது. பழுதென்று நினைத்து ஒரு மாலைப்பொழுதை நானும் இப்படி வீணாக்கியிருக்கிறேன்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உறவினர் இருப்பவர்கள், அங்கே பாவித்த ரெயினர்களைத் தேடச் சொல்லலாம். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிச் சில மாதங்களில் கைவிட்டவர்கள் அங்கு நிறைய இருக்கிறார்கள். ஆனால் நேரடி வகை ஒன்று பெரும்பாலும் 15 முதல் 22 கிலோவரை இருக்கும். விமானப் பொதியில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும், மாமி கொடுத்துவிட நினைத்த சொக்கிளேற்றுகளுக்கு இடமிராது. வாங்குபவரிடம் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்: அரை மணி நேரம் மிதித்துப் பார்த்து உரசலோ தட்டலோ கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும், செயலியுடன் இணைத்துத் தடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், மின்னிணைப்புப் பெட்டியில் 100 முதல் 240 வோல்ற்று என்று எழுதியிருக்க வேண்டும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, நமது 230 வோல்ற்று. அங்கிருந்து மின்விசிறியைக் கொண்டுவருவது வீண்.

செயலிகள்

சுவிஃப்ட் 2014 இல் தொடங்கியது. கூட்டமும் போட்டியும் அதில்தான் அதிகம். 2024 இல் மாதக் கட்டணம் 19.99 அமெரிக்க டொலராக உயர்ந்தது. அதன் கற்பனைத் தீவான வற்றோப்பியா, வரைபடத்தில் சொலமன் தீவுகளின் மேல் பொருத்தப்பட்டிருப்பதால், உங்கள் ஓட்டப் பதிவைப் பார்ப்பவர்கள் நீங்கள் பசிபிக் கடலுக்குப் போய்விட்டதாக நினைக்கக்கூடும். பிரான்சின் அல்ப் துவேஸ் மலைப்பாதையைப் படியெடுத்த ஏற்றம் ஒன்று அதில் உண்டு: 12 கிலோமீற்றரில் 1000 மீற்றருக்கு மேல் உயரும், 21 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த கால்களுக்கு அது ஓர் அனுபவம். முதல் மாதத்தில் முயல வேண்டாம்.

மைவூஷ் இலவசம். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த இந்தச் செயலியில் திரைவழிச் சைக்கிளோட்டத்துக்கான 2024 ஆம் ஆண்டின் உலகப் போட்டியே நடைபெற்றது என்பதால், இலவசம் என்றதும் தரமற்றது என்று எண்ண வேண்டியதில்லை. டொலரில் மாதாமாதம் கட்ட வேண்டாம் என்பது இங்கே பெரிய ஆறுதல். புதிதாகத் தொடங்குபவர் இதில் தொடங்குவதையே நான் விரும்புவேன். அதில் கூட்டம் சற்றுக் குறைவு, நல்ல வரைகலைத்திறன் உள்ள கருவியையும் எதிர்பார்க்கும். பழைய கைபேசியில் திக்கித் திணறினால் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரூவி உண்மையான வீதிகளை விரும்புபவருக்கு. ட்ரெயினர்றோட் காட்சியே இல்லாதது. கட்டங்களும் வரைபுகளுமாகப் பயிற்சியை மட்டும் தரும், படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைப் போல. எதற்கும் பணம் கட்ட விரும்பாத, கணினியோடு பொறுமையாகப் போராடத் தெரிந்தவருக்கு கோல்டன் சீற்றா என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. கட்டணச் செயலி எதுவாயினும், சோதனைக் காலம் முடியும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட அட்டை அதைத் தானாக நினைவில் வைத்திருக்கும்.

இந்தச் செயலிகளின் உண்மையான பயனை நான் கண்டது போட்டியில் அல்ல. கோடைகாலத்தில் ரொறன்ரோவில் மாலை ஏழரை மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை ஐந்து மணி. குளிர்காலத்தில் அதே ஏழரைக்கு இங்கே ஆறு மணி. வேலையால் வந்த மச்சானும் நித்திரையால் எழுந்த நீங்களும் ஒரே வீதியில் ஓடலாம். சுவிஃப்டில் கூட்டு ஓட்டம் ஒன்றை அமைக்கும்போது, எல்லோரையும் ஒன்றாகவே வைத்திருக்கும் தெரிவை அழுத்திவிட்டால், வலுக்கூடியவர் முன்னே ஓடிவிட முடியாது. ஐரோப்பாவின் மாலைப் போட்டிகளோ இங்கே நள்ளிரவை நெருங்கி வரும். அவற்றுக்காக நித்திரை முழிக்க வேண்டாம்.

பூட்டிய பின்னர்

சிமெந்து நிலம் நல்லது; மேல்மாடி என்றால் அடியில் தடித்த றப்பர் விரிப்பு வேண்டும், அதிர்வு கீழே இறங்கும். சக்கர வகையில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும் என்பதால், முன்சக்கரத்தின் கீழ் அதே உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்துச் சமப்படுத்துங்கள். சீற்றின் உயரத்தை வீதியில் விட்டதைவிடக் கவனமாகச் சரிசெய்யுங்கள்: குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளும்போது கால் நேராக வேண்டும், அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும். வீதியில் உடல் தானாக அசைந்து இளைப்பாறும். இங்கே சைக்கிள் அசையாது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். முதல் இரு வாரங்களுக்கு அரை மணி நேரம் போதுமானது.

இருபது நிமிடம் முழுமூச்சாக மிதித்துப் பெறும் சராசரி வாற்றின் 95 வீதத்தை உங்கள் அடிப்படை வலுவாகச் செயலிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சோதனையை மின்விசிறிகள் ஓடும் அதிகாலையில் செய்யுங்கள். பங்குனி, சித்திரை மதியத்தில் எடுத்த எண் உங்கள் காலைப் பற்றி எதுவும் சொல்லாது, கூரையைப் பற்றித்தான் சொல்லும்.

கடைசியாக, வியர்வை. காண்டிலின் மேல் ஒரு துவாயைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் சட்டத்தையும் காண்டில் கழுத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். நமது காற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதன்மேல் வியர்வையின் உப்பும் சேர்கிறது. என் சைக்கிளில் காண்டிலைப் பிடிக்கும் ஆணிகளை ஒரு மாரி முழுதும் பார்க்காமல் விட்டேன். தையில் கழற்றப் போனபோது அவற்றில் ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது, தலையும் வழுவிவிட்டதால் கடையில் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி, கிறீஸ் பூசி, மறுபடி முறுக்கிவிடுகிறேன். பத்து நிமிட வேலை.